அண்ணனுக்கு விழுந்த மாலை

பொம்மை செய்கிறேன் என்று சொன்னால் உடனே வருகிற கேள்வி, "கொலுவுக்கா?" இல்லை என்றால் அடுத்தது, "பேரப்பிள்ள வெளையாடவா?" அதுவும் இல்லை என்றால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். சாமிக்கும் இல்லாமல், பிள்ளைக்கும் இல்லாமல், விற்கவும் இல்லாமல் ஒரு பொம்பளை எதற்காகத் துணியையும் கம்பியையும் கட்டிக்கொண்டு மாரடிக்கிறாள்? சும்மாதான். எங்கள் ஆபீசில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு போனை எடுத்துவைத்துக்கொண்டு கலர் கலராக மிட்டாய் உடைக்கிறார்கள். அவர்களை யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. என்னைத்தான் கேட்பார்கள்.

வீடு திருநகரில். வேலை காளவாசல் பக்கம் ஒரு தனியார் ஆபீசில், கம்ப்யூட்டருக்கு முன்னால். வருகிற வழியிலேயே பொம்மைக்கு வேண்டியதெல்லாம் கிடைத்துவிடும். எலும்புக்குக் கட்டுக்கம்பி. கட்டிடம் கட்டுகிறவர்கள் வாங்குகிற கம்பிதான். நான் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதைப் பார்த்து ஹார்டுவேர் கடைக்காரர், "ஏங்க்கா, மாடி எழுப்புறீகளா, மயில் கூண்டு கட்டுறீகளா?" என்று கேட்டிருக்கிறார். சதைக்கு இலவம் பஞ்சு. தோலுக்குப் பழைய பனியன் துணி. வெள்ளைப் பனியனைப் பால் ஊற்றாத டீயில் ஊறப்போட்டால் நம்ம ஊர்த் தோல் நிறம் வந்துவிடும். இன்னும் கறுப்பு வேண்டுமென்றால் இன்னொரு கொதி. இதற்குப் பயந்துகொண்டே என் வீட்டுக்காரர் பனியனைக் காயப்போட்டால் காவலுக்கு நிற்பார்.

அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நல்ல மனுசன். இலவம் பஞ்சைப் பிரித்தால் தும்மல் வரும், அதனால் நான் மூட்டையை அவிழ்க்கிற நேரம் பார்த்து அவர் பால் வாங்கப் போய்விடுவார். பொம்மையைப் பற்றி நல்லதாகவும் சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை. இத்தனை வருசம் கழித்து அவரால் எனக்கு ஒரு வினை வரும் என்று நான் நினைத்ததே கிடையாது.

பொம்மையில் கஷ்டமான இடம் முகம். பஞ்சை உருண்டையாக அடைத்து மேலே துணியை இழுத்துக் கட்டியதும் அது வெறும் கொழுக்கட்டை. அதற்குள் ஊசியை விட்டு மூக்கோரம் குத்தி, பின்மண்டையில் வாங்கி, நூலை இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கப் பள்ளம் விழும். பள்ளம் விழுந்த இடம் கண்குழி, விழாத இடம் கன்னம். ஒரு இழுப்பு கூடினால் கிழவியாகிவிடும், ஒரு இழுப்பு குறைந்தால் பச்சைப்பிள்ளை. அப்படித்தான் என்னிடம் பூ கட்டுகிற அம்மா, கடலை வறுக்கிற ஆள், பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவர் எல்லாம் உருவானார்கள். ஆனால் ஒன்றும் யாருடைய ஜாடையிலும் இருக்காது. தெரிந்தவர்கள் முகத்தைக் கொண்டுவர எத்தனையோ தடவை முயற்சி பண்ணியிருக்கிறேன். வராது. வீட்டுக்காரரைச் செய்யப் போய் எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன் வந்து நின்றார்.

போன வருசம் ஒரு கண்டக்டர் பொம்மை செய்ய உட்கார்ந்தேன். குறிப்பாக யாரும் இல்லை, சும்மா ஒரு கண்டக்டர். மூக்குக்குத் தையல் போடும்போது காலிங் பெல் அடித்தது. அந்த எரிச்சலில் நூலை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் மூக்கு இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பிரிக்கலாம் என்று கையில் எடுத்தேன். எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டேன். அது என் அண்ணன் மூக்கு.

அண்ணன் நிஜமாகவே கண்டக்டராக இருந்தவர். ரிட்டையர் ஆகி நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறார். சர்வீசில் இருந்த காலத்தில் ஒரு சடன் பிரேக்கில் கம்பியில் மோதி மூக்கு உடைந்து, அது சரியாக ஒட்டாமல் இடது பக்கம் சாய்ந்தே நின்றுவிட்டது. என்னைவிட ரொம்ப மூத்தவர். அப்பா போன பிறகு என்னைப் படிக்கவைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். அந்த மூக்கு வந்தபிறகு மற்றதெல்லாம் தானாக வந்தது. தொங்குகிற கீழ் உதடு, கொஞ்சம் மடங்கின காது, ஒரு பக்க இடுப்பைச் சீட்டுக் கம்பியில் சாய்த்து நின்று நின்று கோணிப்போன நிலை. பொம்மை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். மதினியிடம் ரகசியமாகக் கேட்டு அண்ணனின் பழைய காக்கிச் சட்டை ஒன்றை வாங்கிவந்து, அதன் கையைக் கத்தரித்துப் பொம்மைக்குச் சட்டை தைத்தேன். பேனா மூடியின் நுனியை அறுத்து விசில் பண்ணிக் கழுத்தில் மாட்டினேன்.

சும்மா சொல்லக்கூடாது, எனக்கே பெருமை தாங்கவில்லை. அத்தனை வருசத்தில் முதல் தடவையாக ஒரு ஆளைப் பிடித்துவிட்டேன். முழுசாக முடித்துவிட்டு அண்ணனிடம் காட்டலாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. மதினிக்கு மட்டும் ஏதோ செய்கிறேன் என்று தெரியும்.

அதற்குள்தான் அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்தது. டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்து, ரத்தக்குழாய் அடைப்பு, பைபாஸ் பண்ண வேண்டும் என்றார்கள். காளவாசல் பக்கம் இருக்கிறவர்களுக்கு பைபாஸ் என்றால் ரோடுதான். அண்ணன் அதையும் விடவில்லை. "சர்வீஸ் பூராம் பைபாஸ் பைபாஸ்னு கூவிக்கிட்டே இருந்தேன்ல. நெஞ்சுக்குக் கேட்டுருச்சு போல" என்றார். எல்லாரும் சிரித்தோம். அவர் மட்டும் ரிப்போர்ட்டை மடிக்கிறதும் பிரிக்கிறதுமாக இருந்தார்.

அவர் பயந்த ஆள் இல்லை. ஆனால் சகுனம் பார்க்கிற ஆள். பல்லி, பூனை, தும்மல், வெறுங்குடம் எல்லாம் அவருக்கு ஆகாது. முதல் தடவை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்து, பையெல்லாம் கட்டி, வாசல்படி இறங்கிவிட்டார். எதிர்வீட்டுக்காரர் பல்குச்சியும் கையுமாக நின்றுகொண்டு, "என்னண்ணே, எங்க கெளம்பிட்டீக?" என்று கேட்டுத் தொலைத்தார். அம்புட்டுத்தான். கிளம்பும்போது எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காதாம். பையைக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாழ்நாள் முழுக்க ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் "எங்க போகணும்? எங்க போகணும்?" என்று கேட்டே சம்பளம் வாங்கின மனுசன். அவரை ஒருத்தர் ஒரு தடவை கேட்கக்கூடாதா?

"இன்னும் தள்ளிப் போட்டா நான் பொறுப்பில்ல" என்று டாக்டர் மதினியிடம் சொல்லிவிட்டார். பிள்ளைகள் வெளியூரில் இருந்து போனில் கெஞ்சினார்கள். நான் நேரில் போய்க் கத்தினேன். கடைசியில் இறங்கிவந்தார். அதுவும் அவரே பார்த்துச் சொன்ன நாள். விஜயதசமி முடிந்த மறுநாள் அட்மிஷன். இனிமேல் யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசிவிடக்கூடாதே என்று நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தோம்.

இப்போது என் வீட்டுக்காரர் ஆயுத பூஜை கும்பிடுகிற அழகைச் சொல்ல வேண்டும். அவருக்கு எல்லாமே ஆயுதம். ஸ்கூட்டர், மிக்சி, வாஷிங் மெஷின், பேப்பர் திருத்துகிற சிவப்புப் பேனா, டிவி ரிமோட், நெட்டுக்கு வைத்திருக்கிற டப்பா வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார். கேஸ் சிலிண்டருக்கு மூன்று கோடு திருநீறு. எங்கள் வீட்டில் அன்றைக்குப் பொட்டு இல்லாமல் இருப்பது பல்லி மட்டும்தான். என் தையல் மெஷின், கத்தரிக்கோல், ஊசி டப்பா எல்லாம் மேஜைமேல் வரிசையாக வைத்துவிடுவார். ஒருதடவை வைத்துவிட்டால் மறுநாள் பூஜை முடிகிறவரை தொடக்கூடாது.

அந்தத் தடவை என் பொம்மைகளையும் இறக்கி மேஜையில் வைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்திருக்கிறார். என்மேல் உள்ள பிரியத்தில்தான். இருப்பதில் பெரியது என்று கண்டக்டரை நடுவில் உட்காரவைத்திருக்கிறார். நான் அடுப்படியில் சுண்டலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மணிச் சத்தம் கேட்டு வந்து, சாம்பிராணிப் புகைக்குள் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, அடிப்பிடிக்கிற வாடை வர, திரும்பி ஓடிவிட்டேன். மேஜையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

சாயங்காலம் அண்ணனும் மதினியும் வந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்கள். "பொரிகடலை குடுங்க மாப்ள, அத எதுக்கு வேணாம்னு சொல்லப் போறாக டாக்டரு" என்று சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார் அண்ணன். சாமி கும்பிட்டுவிட்டு வருகிறேன் என்று என் தையல் ரூமுக்குள் போனார். நான் தட்டில் சுண்டலை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

மேஜைக்கு நடுவில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில். நெற்றியில் வட்டமாகச் சந்தனம், அதற்கு நடுவில் குங்குமம். கழுத்தில் செவ்வந்தி மாலை. முன்னால் வாழைப்பழத்தில் குத்தின ஊதுபத்தி, ரெண்டு பக்கமும் விளக்கு. கண்ணாடிச் சட்டம் ஒன்றுதான் பாக்கி.

அண்ணனின் கை தானாக மேலே போய்த் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தது.

"யாருத்தா இது?" என்றார். பிறகு அவரே, "நானா?" என்றார்.

பின்னால் வந்த மதினி, "அய்யய்யோ, ஆத்தே!" என்று பாய்ந்து மாலையைப் பிடுங்கினார். ஊதுபத்தி சரிந்து கீழே விழுந்தது.

"விடு" என்றார் அண்ணன். "கழட்டுனா ஆச்சா? விழுந்தது விழுந்ததுதான்."

என் வீட்டுக்காரர் வாசலில் நின்றுகொண்டு திருதிருவென்று விழித்தார். "இல்ல மச்சான்... வண்டிக்கு வாங்குன மால... கொஞ்சம் மிஞ்சுச்சு. வீணாப் போகுதேன்னு..."

நான் அவரை அன்றைக்குப் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியது இதுதான்: "ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் குடுக்குறீகளே, உசுரோட இருக்க மனுசனுக்குப் பொட்டு வச்சு மால போட்டா என்ன கணக்கு வரும்னு தெரியலயா? மிஞ்சுன பூவ ஒங்க தலையில வச்சுக்கிட்டா என்ன?" அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார்.

"மாப்ளயத் திட்டாத" என்றார் அண்ணன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "அவரு என்ன செய்வாரு. அன்னிக்கு எதுத்த வீட்டுக்காரன் வாயில வந்துச்சு, இன்னிக்கு இவரு கையில வந்துருச்சு. போகாதன்னு சொல்லுது. நான் போகல."

"அண்ணே."

"போகலத்தா. எத்தன வாட்டிதான் சொல்லும்? இதுக்கு மேலயும் நான் போயிப் படுத்தா என்னயவிடக் கூமுட்டை எவனும் இல்ல."

அந்த நிமிசம் எனக்குப் பொம்மையும் மண்ணும் ஒன்றாகத்தான் தெரிந்தது. இந்த மனுசன் இந்த வாட்டியும் பையைக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்துவிட்டால் அடுத்த தேதி என்று ஒன்று இருக்காது. டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும், மதினிக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். பயமாக இருந்தது.

"இதப் பிரிச்சுப் போட்டா சமாதானம் ஆகுமாண்ணே?" என்று கேட்டேன்.

மதினிதான், "ஆமாத்தா, மொதல்ல அந்தக் கருமத்தத் தூக்கி எறி" என்றார். எறிய வேண்டும், சரி. எப்படி எறிவது? அங்கேதான் ஆரம்பித்தது கூத்து. குப்பையில் போடலாம் என்றேன். பொட்டு வைத்துக் கும்பிட்டதைக் குப்பையில் போடக்கூடாது என்றார் மதினி. கொல்லையில் வைத்துக் கொளுத்திவிடலாம் என்று வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "மச்சானுக்குக் கொள்ளி வைக்கிறீகளா?" என்று கேட்டேன், வாயை மூடிக்கொண்டார். மண்ணைத் தோண்டிப் புதைத்துவிடலாமா என்று மதினி சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் யோசித்து, வாயில் அடித்துக்கொண்டார். வைகையில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றால், ஆற்றில் எதைக் கொண்டுபோய்க் கரைப்பார்கள் என்று எல்லாருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. "அதுக்கும் தண்ணி வேணும்ல" என்று அண்ணன் மட்டும் சொன்னார். உயிரோடு இருக்கிற ஆளின் பொம்மையை எந்த வழியில் ஒழித்துக்கட்டினாலும் அது ஒரு சாவுச் சடங்காகத்தான் வந்து முடிகிறது.

கடைசியில் நான் பொறுமையிழந்து, "தைச்சவ நான், நானே பிரிக்கிறேன்" என்று கத்தரிக்கோலுக்குக் கையை நீட்டினேன்.

"இன்னிக்கு அத எடுக்கக்கூடாது" என்றார் வீட்டுக்காரர். அவ்வளவு திட்டு வாங்கியும் அதை மட்டும் விடவில்லை. கத்தரி, ஊசி, மெஷின் எல்லாம் பூஜையில் இருக்கிறதாம். நாளைக்கு எடுத்துத்தான் எதையும் ஆரம்பிக்க வேண்டுமாம். "அதுவும் விஜயதசமியன்னிக்கு மொத வேலையா மச்சானைப் பிரிக்கக்கூடாதும்மா. எதையாவது புதுசா ஆரம்பிக்கணும்" என்றார்.

அவரைக் கடித்துத் துப்பியிருப்பேன். அதற்குள் மதினி அழ ஆரம்பித்துவிட்டார். "துணிமணியெல்லாம் எடுத்து வச்சாச்சு. ஃபிளாஸ்க்கு, டம்ளரு, எல்லாம் வச்சாச்சு. ஆபரேசன் முடிஞ்சா இருமச் சொல்லுவாகளாம், நெஞ்சு வலிக்காம இருக்கச் சின்னத் தலகாணி ஒண்ணக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருமணுமாம், அதையும் கொண்டாரச் சொன்னாக. இங்க வந்துட்டுப் போகயில அத வாங்கணும்னு நெனச்சுக்கிட்டு வந்தேன். இப்ப எதுக்கு வாங்க?" என்று மூக்கைச் சிந்தினார்.

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "போறேன்த்தா" என்றார்.

எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. பக்கத்துத் தெருவில் தயிர் வாங்கப் போனாலும் வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். எனக்கு அந்தச் சொல்லைச் சின்ன வயசில் அடித்துச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலையில் பூஜை முடிந்ததும் முதல் வேலையாக மெஷினில் உட்கார்ந்தேன். அண்ணனின் காக்கிச் சட்டையில் கையைத்தான் பொம்மைக்கு வெட்டியிருந்தேன், முதுகும் முன்பக்கமும் பாக்கி இருந்தது. முன்பக்கத்துப் பை தைத்தது தைத்தபடி இருந்தது. அந்தப் பை வெளியே தெரிகிற மாதிரி வைத்து, மூன்று பக்கம் அடித்து, ஒரு பக்கத்தைத் திறந்து விட்டேன். தலகாணி உறை. வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "இது சரி" என்று மட்டும் சொன்னார். நான் இன்னும் அவரோடு பேசவில்லை. ஆனால் காப்பி கொடுத்தேன்.

மதினிக்குப் போன் பண்ணி, "எப்படியாவது கூட்டிட்டு வாங்க. எரிக்கவும் வேணாம், எறியவும் வேணாம்" என்றேன். அண்ணன் வருகிறதாக இல்லை. சமையல் வேலை எதுவும் ஓடவில்லை, குழம்பில் உப்பைப் போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. வெயில் ஏறின பிறகுதான் வண்டிச் சத்தம் கேட்டது. அண்ணன் இறங்கினார். ஒரு வாரம் தூங்காத முகம்.

பொம்மையையும் கத்தரிக்கோலையும் காக்கி உறையையும் அவர் மடியில் வைத்தேன். "ஆபரேசன் முடிஞ்சதும் கட்டிப் பிடிச்சு இருமுறதுக்குத் தலகாணி வேணும்ல. இவன் வயித்துல இருக்க பஞ்சுதான் இதுக்குள்ள போகப்போகுது. நீங்களே பிரிங்க. போகுறதும் போகாததும் ஒங்க இஷ்டம்."

அண்ணன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பைக்குள் விரலை விட்டார். "இது என் சட்டைல்ல" என்றார். மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் பிரிக்க ஆரம்பித்தார். டிக்கெட் கிழித்த விரல், சுத்தமாக வேலை செய்தது. நூலை ஒரே வெட்டாக வெட்டாமல் ஒவ்வொரு தையலாக நெம்பி எடுத்தார். அப்படி எடுத்தால் துணி கிழியாது, சரிதான். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன இருக்கிறது, என் கையில் அமைந்த ஒரே ஒரு ஜாடை அது. சட்டை போனது. கை கால் போனது. கட்டுக்கம்பியை உருவி நீட்டிப் பார்த்து, "இது அவரப் பந்தலுக்கு ஆகும்" என்று மதினியிடம் நீட்டினார். மதினி வாங்கி வளைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். விசிலை மட்டும் அண்ணன் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், என்னைக் கேட்கவில்லை.

கடைசியாகத் தலை. நெற்றியில் சந்தனம் காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்து அதை எடுத்தார். மூக்கைத் தடவினார்.

"மூக்க எப்புடித்தா இம்புட்டு அச்சாப் பிடிச்ச?"

"கை தப்பாப் போச்சுண்ணே. பெல்லு அடிச்சுச்சு, இழுத்துட்டேன்."

"எனக்கும் தப்பாத்தான் போச்சு. டிரைவரு பிரேக்க மிதிச்சுட்டான்" என்றார். முந்தின நாளிலிருந்து முதல் தடவையாக அவர் உதடு கொஞ்சம் அசைந்தது.

மூக்குத் தையலை வெட்டினதும் முகம் சட்டென்று நிமிர்ந்து, யாருடைய முகமும் இல்லாத கொழுக்கட்டையாகிவிட்டது. அவருக்கே அது ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். மூக்கு இருந்த இடத்தை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். பிறகு பஞ்சை உருவினார். பொம்மைப் பஞ்சு உறைக்குக் காணவில்லை, மூட்டையிலிருந்து இன்னும் ரெண்டு பிடி எடுத்துச் சுற்றிலும் அடைத்தேன். வீட்டுக்காரர் தும்மினார். தும்மிவிட்டு, தும்மல் சகுனத்துக்கு ஆகாதே என்று நடுங்கிப்போய் அண்ணனைப் பார்த்தார்.

"அது பஞ்சுத் தும்மல் மாப்ள. கணக்குல வராது" என்றார் அண்ணன்.

முகத்துத் தோல் மட்டும் மேஜையில் கிடந்தது. டீயில் நனைத்த பழைய பனியன், அவ்வளவுதான். எடுத்து ஒதுக்கலாம் என்று கையை நீட்டினேன். அண்ணன் அதைச் சுருட்டி உறைக்குள் நடுவில் வைத்து அமுக்கினார். "இவன வெளிய விட்டுட்டு நான் மட்டும் என்னத்துக்குப் போக? ரெண்டு பேரும் போறோம்" என்றார்.

உறையின் வாயைக் கையாலேயே தைத்தேன். பிரிந்துவிடக்கூடாது என்று ஒரு தடவை போட்ட தையல்மேலேயே இன்னொரு தடவையும் போட்டேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்துக் கொடுத்ததும் அண்ணன் அதை நெஞ்சில் வைத்து அமுக்கிப் பார்த்தார். மதினி முந்தானையிலிருந்து திருநீறு பொட்டலத்தை எடுத்துத் தலகாணிப் பையில் போட்டார்.

வாசலில் செருப்பை மாட்டினார் அண்ணன். தலகாணியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். அவருக்கும் தெரியும், நான் எதற்குக் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று. வேண்டுமென்றே வண்டியைத் துடைத்தார், கண்ணாடியைத் திருப்பினார், மதினியை ஏறச் சொன்னார்.

"வாரேன்த்தா" என்றார். "மாப்ள, வாரேன்."

அன்றைக்கு மத்தியானம்தான் வீட்டுக்காரரோடு பேசினேன். குழம்பில் உப்பு இல்லை என்று அவர் சொன்னார், ஆமாம் என்றேன்.

ஆபரேஷன் அன்றைக்கு எங்களை வெளியே ஹாலில் உட்காரவைத்துவிட்டார்கள். மதினி மடியில் தலகாணி இருந்தது. அதை உள்ளே விடமாட்டார்களாம், பிறகு கேட்பார்களாம். நாங்கள் ஒருத்தரோடு ஒருத்தர் பேசவில்லை. பேசினால் ஏதாவது தப்பாக வந்துவிடும் என்று எனக்கே பயம் வந்துவிட்டது. சகுனம் பார்க்கிறவரைத் திட்டின வாய்தான். கதவு திறக்கும்போதெல்லாம் யார் எந்தக் காலை எடுத்து வைத்து வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்மேலேயே எரிச்சலாக வந்தது. ஆனாலும் பார்த்தேன்.

நல்லபடியாக முடிந்தது என்றார்கள்.

வார்டுக்கு மாற்றின பிறகு நான் போய்ப் பார்த்த அன்று கட்டுப் பிரித்திருந்தார்கள். ஆள் பாதியாகிவிட்டார். தாடி முளைத்து, கன்னம் ஒட்டி, மூக்கு மட்டும் பழையபடி சாய்ந்திருந்தது. போர்வையைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, "தைச்சது எப்புடி இருக்குன்னு பாத்துச் சொல்லு. எனக்குக் குனிஞ்சு பாக்க முடியல" என்றார்.

கழுத்துக்குக் கீழே ஆரம்பித்து வயிறு வரைக்கும் ஒரே கோடு. நான் எத்தனையோ நெஞ்சைத் தைத்திருக்கிறேன், எல்லாம் துணி. இது அண்ணன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"என்னயவிட நல்லாத் தச்சிருக்காகண்ணே" என்றேன்.

"அழுதுக்கிட்டே சொன்னா எப்புடி நம்ப?"

அந்த நேரம் ஒரு நர்ஸ் பிள்ளை வந்தது. "ஐயா, இருமணும். காலையில ஏமாத்திட்டீங்க. சளி உள்ள தங்கக்கூடாது. அந்தத் தலகாணியை நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சு நல்லா ஆழமா இருமுங்க." பிறகு தலகாணியைப் பார்த்து, "இதென்ன, பையெல்லாம் வச்சு? காக்கியில?" என்று சிரித்தது.

மதினி தலகாணியை எடுத்து அவர் நெஞ்சில் வைத்தார். அண்ணன் ரெண்டு கையையும் அதன்மேல் போட்டார், ஆனால் இறுக்கவில்லை. இருமினால் எல்லாம் விண்டு போய்விடுமோ என்ற பயம் கண்ணில் தெரிந்தது. நர்ஸ் பிள்ளையைப் பார்த்தார், மதினியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இவன் தாங்குவானாத்தா?"

"தாங்குவான்ணே. ரெண்டு தடவ போட்ட தையல்."

அண்ணன் காக்கியை இறுக்கிக் கட்டிப்பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, இருமினார். என் தையலும் பிரியவில்லை, டாக்டர் தையலும் பிரியவில்லை.